வாய் வேண்டாத வாகனங்கள்

ஐந்து வயதுக் குழந்தையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, மோட்டார்க் கார் ஒன்றை முன்புறமாகப் பார்த்து வரையும்படி சொல்லிப் பாருங்கள். குழந்தை முதலில் இரண்டு விளக்குகளை வட்டமாக இடும், அவை கண்கள். பின்னர் அவற்றின் நடுவே, சற்றுத் தாழ, கம்பிகள் இட்ட அகன்ற வாய் ஒன்றை வரையும். அதன் பிறகே சில்லுகளும் கண்ணாடியும் வந்து சேரும். காருக்கு முகம் உண்டு என்று அக்குழந்தைக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வீதியிற் கண்டதை அது வரைகிறது, அவ்வளவே.

விளக்கு வழி காட்டுவதற்கு, சில்லு உருளுவதற்கு, வாய் எதற்கு? காற்றை விழுங்குவதற்கு. பெற்றோல் எஞ்சின் உண்ணும் எரிபொருளின் ஆற்றலிற் பெரும் பகுதி வண்டியை நகர்த்தப் பயன்படுவதில்லை, வெப்பமாகவே கழிகிறது. அவ்வெப்பத்தை அகற்றாவிடின் எஞ்சின் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகவே எஞ்சினைச் சுற்றி நீரை ஓடவிட்டு, சூடேறிய அந்நீரை முன்புறத்தேயுள்ள றேடியேற்றரிற் காற்றுப்பட ஆற்றி, மீண்டும் உள்ளே அனுப்புகிறார்கள். அந்த றேடியேற்றரின் வாசலே குழந்தை வரைந்த வாய்.

இப்பொழுது மின்சாரக் கார் வந்திருக்கிறது. அதில் எஞ்சின் இல்லை. மின்மோட்டார் தான் பெறும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையும், சில வேளை அதற்கு மேலும், சுழற்சியாக மாற்றிவிடுகிறது. வெப்பமாக வீணாவது சிறிதளவே. காற்றை அதிகம் விழுங்க வேண்டாத வண்டிக்கு அகன்ற வாய் எதற்கு? எஞ்சினே இல்லாத வண்டிக்கு நீண்ட மூக்கு எதற்கு? சாதாரணக் காரைப் பொறுத்தவரை இது சிறிய கேள்வி. அழகையும் வேகத்தையும் நம்பியே வாழும் ஸ்போர்ட்ஸ் காருக்கோ இது உயிர்க் கேள்வி. அதன் உருவம் முழுவதும் எஞ்சினைச் சுற்றி வளர்ந்தது. எஞ்சின் போன பின் அவ்வுருவம் நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

குதிரை போன பின்னும்

மனிதன் பழகிய உருவத்தை எளிதில் விடுவதில்லை. மாமல்லபுரம் சென்றவர்கள் திரௌபதி இரதத்தைக் கண்டிருப்பார்கள். ஏழாம் நூற்றாண்டிற் பாறையிலே செதுக்கப்பட்ட அக்கோயில், கூரை வேய்ந்த குடிசையின் உருவில் நிற்கிறது. கருங்கல்லுக்குக் கூரை வேய வேண்டிய தேவை ஏது? ஆயினும் சிற்பியின் கண்ணுக்குப் பழகிய வடிவைக் கல்லும் ஏற்றுக்கொண்டது. முதல் மோட்டார்க் கார்களின் கதையும் இதுவே. குதிரை வண்டியிலிருந்து குதிரையை மட்டும் அவிழ்த்து விட்டாற் போன்று அவை இருந்தன. மக்களும் அவற்றைக் குதிரையில்லா வண்டிகள் என்றே அழைத்தனர்.

அந்நாளில் வேகத்திலே முந்தி நின்றது மின்சாரமே என்பது பலர் அறியாத செய்தி. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29ஆந் திகதி, பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜிய நாட்டவரான கமீல் ஜெனாட்சி என்பவர் மின்சாரக் கார் ஒன்றை மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினார். வீதியிலோடும் வண்டி ஒன்று மணிக்கு நூறு கிலோமீற்றரைக் கடந்தது அதுவே முதன் முறை. 'லா ஜமே கொந்தாந்த்' என்பது அவ்வண்டியின் பெயர். 'ஒருபோதும் திருப்தி கொள்ளாதவள்' என்பது அதன் பொருள்.

அவ்வண்டியின் உருவமே இன்று நமக்கு முக்கியம். இலேசான அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்த அதன் உடல், நீருக்குள்ளே பாயும் தோர்ப்பீடோவைப் போல இரு முனையும் கூர்ந்து விளங்கியது. குதிரை வண்டியின் சாயல் அதில் மருந்துக்கும் இல்லை. காற்றைப் பிளந்து செல்ல வேண்டும் என்ற ஒரே எண்ணம் அவ்வுடலை வகுத்தது. ஆயினும் ஒரு வேடிக்கை. வண்டியைச் செலுத்தியவர் அதன் மேலே, உடலின் மேற்பாதி முழுவதும் வெளியே தெரிய, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அச்சுக்களும் சில்லுகளும் கீழே திறந்தபடி கிடந்தன. வண்டியின் உடல் விலக்கிவிட்ட காற்றை அவருடைய மார்பு சென்று தடுத்தது! எண்ணம் நேர்மையானது, அதனை இறுதிவரை கொண்டு செல்ல அவர்களால் இயலவில்லை. அவ்வண்டியைப் பிரான்சின் கொம்பியேன் நகரிலுள்ள வாகன அரும்பொருட்சாலையிற் பாதுகாத்து வருகிறார்கள்.

ஈராண்டுகளுள் ஜேர்மனியில் வேறொரு வண்டி தோன்றியது. டைம்லர் நிறுவனத்தின் பொறியியலாளரான வில்ஹெல்ம் மைபாக் அமைத்த அதற்கு 'மெர்சிடிஸ்' என்று பெயரிட்டார்கள். 1901ஆம் ஆண்டிலே பந்தயங்களிற் புகழ் பெற்ற அவ்வண்டியில் எஞ்சின் முன்னே இருந்தது. அதற்கும் முன்னே, 8,000க்கு மேற்பட்ட சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கிச் செய்த றேடியேற்றர் நின்றது. வண்டி எதிரே வருகையிற் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது அதுவே. பின்வந்த கார்களும் அவ்வழியே சென்றன. நாளடைவில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டியின் வாயையே தன் குலமுத்திரை ஆக்கிக்கொண்டது. கனத்த ஈயப் பற்றரியும் குறுகிய பயணத் தூரமும் மின்சாரக் காரைப் பின்னே தள்ளின. தோர்ப்பீடோ உறங்கிற்று, வாய் வென்றது.

காற்று என்னும் கணக்கப்பிள்ளை

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்து மின்சாரம் மீண்டும் மேடைக்கு வந்தது. எஞ்சின் என்னும் எசமான் விடைபெற்றுக்கொண்டான். இனி உருவம் வகுப்போனுக்குப் பூரண சுதந்திரம் என்று எண்ணத் தோன்றும். அது தவறு. முந்தியவனிலும் கண்டிப்பான எசமான் ஒருவன் வாசலிலே காத்திருந்தான். அவன் காற்று.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். வண்டியின் வேகம் இரட்டித்தால் காற்றின் தடை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அத்தடையை எதிர்த்து வண்டியைச் செலுத்த வேண்டிய வலுவோ எட்டு மடங்காகிறது. மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஊருக்குள்ளே செல்பவன் காற்றை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மணிக்கு நூற்றைம்பது கிலோமீற்றர் செல்பவனோ தன் ஆற்றலின் பெரும் பங்கைக் காற்றுக்கே காணிக்கையாகக் கொடுக்கிறான்.

பெற்றோல் கார் இச்செலவைப் பொறுத்துக்கொண்டது. அது செல்வந்தன் வீட்டுப் பிள்ளை. ஒரு லீற்றர் பெற்றோலிலே சுமார் 9 கிலோவாற்று மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் ஜேர்மனியின் போர்ஷ் நிறுவனம் 'டைக்கான்' என்னும் மின்சார ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் பெரிய பற்றரி 600 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளது. அதனுள் அடங்கும் ஆற்றலோ 93 கிலோவாற்று மணி. பெற்றோற் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழப் பத்து லீற்றர். ஒரு வாளியிற் கொள்ளும் அளவு. மின்மோட்டார் சிக்கனக்காரன் ஆகையால் அந்த ஒரு வாளியைக் கொண்டே நெடுந்தூரம் ஓடிவிடுகிறது. ஆயினும் மாதச் சம்பளக்காரன் வீட்டில் ஒவ்வொரு சதமும் கணக்கில் விழுவது போல, மின்சாரக் காரிற் காற்றுக்குப் போகும் ஒவ்வொரு துளி ஆற்றலும் பயணத் தூரத்திலே குறைந்து காட்டுகிறது. காற்றைப் போன்ற கறாரான கணக்கப்பிள்ளை வேறெவரும் இல்லை.

ஓர் உருவம் காற்றை எவ்வளவு இலகுவாக விலக்குகிறது என்பதைத் தடைக் குணகம் என்னும் எண்ணால் அளக்கிறார்கள். காற்றுக்கு நேரே பிடித்த தட்டையான பலகைக்கு அது ஒன்றுக்குச் சற்று மேலாக இருக்கும். முன்னே உருண்டு பின்னே மெல்ல ஒடுங்கும் உருவத்துக்கு அது இருபதில் ஒரு பங்களவு குறைந்துவிடும். 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவாவிலே காட்சிக்கு வந்த இங்கிலாந்தின் ஜாகுவார் 'ஈ-டைப்' காரை, உலகின் அழகிய கார்களுள் ஒன்றெனப் பலரும் போற்றுவர். நியூயோர்க்கின் நவீன கலைக்கூடம் அவ்வினக் கார் ஒன்றைத் தன் கலைப்பொருட்களுடன் சேர்த்து வைத்திருக்கிறது. வல்லூறு இறங்குவது போலத் தோன்றும் அக்காரின் தடைக் குணகம் ஏறத்தாழ 0.44. டைக்கான் டர்போவின் குணகம் 0.22, சரிபாதி! கண்ணுக்கு வழுக்கும் உருவமெல்லாம் காற்றுக்கு வழுக்குவதில்லை என்பது இதனாற் பெறப்படும். குணகத்துடன் வண்டியின் முகப்புப் பரப்பையும் பெருக்கியே முழுத் தடையைக் காண வேண்டும் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க. ஈ-டைப் உருவத்திற் சிறியது; அது அதற்கு உதவியது.

காற்றைப் பிளக்கும் முன் முனையே முக்கியம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் வாலே பெரும் தொல்லை தருவது. பிளந்த காற்று பின்னே அமைதியாக வந்து கூடாவிடிற் சுழிகள் எழுந்து வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். மீனின் உடல் பின்னே ஒடுங்குவதன் நயம் இதுவே. அவ்வளவு நீண்ட வாலைக் காருக்கு வைத்தால் அதை எங்கே நிறுத்துவது? ஜேர்மனியப் பொறியியலாளரான வூனிபால்ட் காம் 1930ஆம் ஆண்டுகளில் ஒரு வழி காட்டினார். வால் ஒடுங்கிவரும்போது தக்க இடத்தில் அதைக் குறுக்கே வெட்டிவிடலாம். நட்டம் மிகச் சிறிது. பின்புறம் சட்டென்று வெட்டுண்டு நிற்கும் இன்றைய கார்களெல்லாம் அவருக்குக் கடன்பட்டவை.

மின்சாரக் காருக்கு இங்கே இரண்டு நன்மைகள் வாய்த்தன. அதன் அடிப்புறத்தே புகைக்குழாய் இல்லை. ஆகையால் அடித்தளத்தைப் பலகை போல மட்டமாக்கிக் காற்றைக் குழப்பமின்றி ஓடவிடலாம். அதன் வாயையும் பெரும்பாலும் மூடி வைக்கலாம். வாய்க்குள்ளே புகுந்த காற்று அங்கே முட்டி மோதி வெளியேறுவதும் ஒரு தடையே அன்றோ? டைக்கானின் முன்புறத்தே தாழ்வாக அமைந்த வாயில்களுக்குக் கதவுகள் உண்டு. பற்றரியும் மோட்டாரும் சூடேறும்போது மட்டும் அவை திறக்கும்; மற்றைய வேளைகளில் மூடியிருக்கும். விளக்குகளின் கீழே நெடுக்காக அமைந்த பிளவுகள் அழகுக்கு இட்டவை போலத் தோன்றும். அவை முன்சில்லுகளைச் சுற்றிக் காற்றை ஒரு திரை போல ஓட்டுவதற்கானவை. அங்கே அழகு வேலை செய்கிறது.

காற்றின் கணக்கிலிருந்து தப்பிய கார் உண்டா என்று கேட்பீர்களாயின், ஒன்றைச் சொல்லலாம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 'றோட்ஸ்டர்' என்னும் சிறு மின்சார ஸ்போர்ட்ஸ் காரை விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ் காரின் உறவு முறையான அதன் உள்ளே 6,831 சிறு மின்கலங்கள் இருந்தன. அத்தகைய கார் ஒன்றை 2018 பெப்ரவரி 6ஆந் திகதி ரொக்கெற்றில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காற்று இல்லை. அது எவ்வுருவில் இருந்தாலும் ஒன்றே. மண்ணிலுள்ள மற்றைய கார்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பாரம் கீழே, கூரை எங்கே?

இரண்டாவது எசமான் பற்றரி. அதன் எடை தாழ இருப்பது நல்லது. வளைவுகளில் வண்டி சாயாது. ஆகவே பல மின்சாரக் கார்களில் அதனைத் தட்டையாக அடித்தளத்திற் பரப்புகிறார்கள். ஆனால் பற்றரியின் மேல் ஆசனம், ஆசனத்தின் மேல் மனிதன், மனிதனின் மேற் கூரை என்று அடுக்கினால் வண்டி உயர்ந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காரின் எழிலோ அதன் தாழ்விலே இருக்கிறது. போர்ஷ் நிறுவனத்தின் புகழ் பெற்ற '911' காரின் உயரம் சுமார் 1.30 மீற்றர், நிமிர்ந்து நிற்கும் மனிதனின் மார்பளவு. இந்த உயரத்துக்குள் பற்றரியையும் அடக்குவது எப்படி?

இதற்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு வழி கண்டனர். டைக்கானில் நால்வர் அமர வேண்டும். பின்னாசனத்தவரின் கால்கள் வரும் இடத்திற் பற்றரியைப் பரப்பாமல் பள்ளமாக விட்டார்கள். கால்கள் தாழ்ந்தன, தலையும் தாழ்ந்தது, கூரை 1.38 மீற்றரில் நின்றது. அந்தப் பள்ளத்துக்கு ஜேர்மனியர் வைத்த பெயர் 'கால் கொட்டில்'. வெளியிலிருந்து பார்ப்பவன் கூரையின் வளைவை வியக்கிறான். அவ்வளைவைத் தந்தது உள்ளேயுள்ள ஒரு பள்ளம் என்பதை அவன் அறியான்.

இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எவீயா' காரில் இருவரே அமரலாம். அங்கே பற்றரியை அடியிற் பரப்பாமல், பந்தயக் காரில் எஞ்சின் இருக்கும் இடத்தில், ஆசனங்களின் பின்னே அடுக்கினார்கள். அதனால் ஆசனம் நிலத்தை ஒட்டி அமைந்தது. புகைக்குழாயோ எஞ்சினோ இல்லாத பின்புறத்தே இரண்டு பெரிய குகைகளைக் குடைந்து, வண்டியின் பக்கங்களில் வரும் காற்று உடலின் ஊடாகவே சென்று பின்னே வெளியேறும்படி செய்தார்கள். குகைகளின் வாயைச் சுற்றிச் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. காற்றை விலக்குவதற்குப் பதிலாக அதற்கு வழி விட்டுவிடும் இவ்வுருவம், பின்னே எஞ்சின் உள்ள காருக்கு எளிதில் வாய்க்கக்கூடியதன்று.

குரோவாசியாவின் றிமாக் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நெவேரா', அட்ரியாட்டிக் கடலில் திடீரென எழும் புயலின் பெயரைத் தாங்கியது. 2022ஆம் ஆண்டில் அது மணிக்கு 412 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அவ்வளவு வலுவை இறைக்கும் பற்றரிக்கும் மோட்டார்களுக்கும் வெப்பம் உண்டு. ஆகவே அவ்வண்டிக்குக் காற்று வாயில்கள் மெய்யாகவே தேவைப்பட்டன. கதவின் பின்னேயுள்ள வாயிலை அவர்கள் கழுத்துப்பட்டியின் வளைவிலே அமைத்தார்கள். கழுத்துப்பட்டி அணியும் வழக்கம் குரோவாசியரிடமிருந்தே ஐரோப்பாவிற் பரவியது என்பது அந்நாட்டவரின் பெருமை. தேவையான இடத்தில் தேவையான துளை. அதன் விளிம்பிலே தாய்நாட்டின் நினைவு. இதைவிடப் பொருத்தமாக அலங்காரம் செய்ய இயலாது.

பற்றரியாற் பருத்த உடலை மறைக்க மற்றொரு தந்திரமும் உண்டு. சில்லு பெரிதானால் உடல் தாழ்ந்ததாகக் கண் மயங்கும். அதனாலேயே மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களின் சில்லுகள் நாளுக்கு நாள் பெருத்து வருகின்றன. ஆனால் பெரிய சில்லு கனமானது. காற்றையும் அதிகம் கலக்கும். கண்ணை ஏமாற்றலாம்; கணக்கப்பிள்ளையை ஏமாற்ற முடியாது.

நினைவு என்னும் மூன்றாம் எசமான்

காற்றும் பற்றரியும் பௌதிக விதிகளாற் பேசுவன. மூன்றாம் எசமானாகிய நினைவோ நம் உள்ளத்திலிருந்து பேசுவது.

2012ஆம் ஆண்டில் டெஸ்லா நிறுவனம் 'மொடல் எஸ்' என்னும் காரை வெளியிட்டபோது, அதன் முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடத்திற் பளபளக்கும் கறுப்புப் பலகை ஒன்றைப் பதித்தது. அது எதையும் விழுங்கவில்லை. வாய் இல்லாத முகத்தைக் கண்டு மக்கள் மிரளாமல் இருப்பதற்காக வைத்த வேடம் அது. நான்கு ஆண்டுகளில் மக்கள் கண் பழகிவிட்டது. 2016ஆம் ஆண்டிலே அந்தக் கறுப்புப் பலகையை எடுத்துவிட்டார்கள். உண்மையிற் பழகுவதற்கு அதிகம் இருக்கவில்லை. எஞ்சினைப் பின்னே வைத்த வொக்ஸ்வாகன் 'வண்டு'க் காருக்கும் பழைய போர்ஷ் 911க்கும் முன்னே வாய் இருந்ததில்லை. நம் நாட்டு வீதிகளிலும் ஓடிய அந்த வண்டைப் பார்த்து, முகத்தில் ஏதோ குறைகிறதென்று எவரும் வருந்தியதில்லை.

மூக்கின் கதை இதனிலும் சுவையானது. ஜாகுவார் ஈ-டைப்பின் மூக்கு அவ்வளவு நீளமாக இருந்தது வீம்புக்காக அன்று. ஆறு சிலிண்டர்களை வரிசையாகக் கொண்ட 3.8 லீற்றர் எஞ்சின் அதனுள் இருந்தது. அவ்வுடலை வகுத்த மல்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிற் பயின்றவர். வளைவுகளைக் கையால் தீட்டுவதோடு நில்லாமல் கணக்கிட்டே அமைத்தவர். தம்மை அலங்காரக்காரர் என்று அழைப்பதை அவர் விரும்பியதில்லை. எஞ்சினுக்கு இடமும் காற்றுக்கு வழியும் தேடினார். எழில் தானாக வந்து சேர்ந்தது. அவர் கையில் இருந்த அளவைகள் கொண்டு அவர் செய்த கணக்கு அது. பிற்காலத்தார் அதனைத் திருத்தலாம். அதன் நேர்மையைக் குறை கூற முடியாது.

2017ஆம் ஆண்டில் அதே நிறுவனம் பழைய ஈ-டைப் ஒன்றை மின்சாரக் காராக மாற்றிக் காட்டியது. அடுத்த ஆண்டு மே மாதம் இளவரசர் ஹரியின் திருமணத்தன்று மணமக்கள் அதிலேறிச் சென்றதைப் பலர் தொலைக்காட்சியிற் கண்டிருப்பர். அக்காரில் எஞ்சினை எடுத்துவிட்டு, ஏறத்தாழ அதே அளவும் எடையும் கொண்ட பற்றரியை அதே இடத்தில் வைத்தார்கள். மூக்கு நீண்டிருந்தது, அதனுள் பொருளும் இருந்தது. பழைய வீட்டைத் திருத்திக் குடியிருப்பது போன்ற செயல் அது. குற்றம் காண இடமில்லை.

2018ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 'ஐ-பேஸ்' என்னும் புதிய மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது ஸ்போர்ட்ஸ் கார் அன்று, குடும்பக் கார். ஆயினும் ஸ்போர்ட்ஸ் கார் செய்வோரின் கை அதிலே தெரிந்தது. அதனை வகுத்த இயன் கலம் மூக்கைத் துணிந்து குறைத்தார். எஞ்சின் இல்லாத இடத்தை ஆசனங்களுக்குக் கொடுத்தார். பழகிய வாய் அங்கே உள்நோக்கி வளைந்து, காற்றை மூக்கின் மேலேயுள்ள துவாரத்தால் வெளியேற்றிக் கூரைக்கு அனுப்பிற்று. அவர் வாயை வைத்திருந்தார். அதற்குப் புதிய தொழிலையும் கொடுத்தார்.

ஆறே ஆண்டுகள். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரில் அதே ஜாகுவார், 'டைப் 00' என்னும் காட்சிக் காரின் திரையை விலக்கியது. ஐ-பேஸிற் குறைந்த மூக்கு அங்கே முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நீண்டிருந்தது. வாய் இல்லை; பின்கண்ணாடியும் இல்லை; கமராக்கள் பின்னே பார்க்கும். உலகமெங்கும் வாதம் எழுந்தது. துணிவு என்றனர் சிலர். துறவு என்றனர் சிலர். பித்து என்றவர்களும் உண்டு. ஒரே நிறுவனம், எஞ்சின் போன பின் என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு, ஆறு ஆண்டுகளுக்குள் நேர் எதிரான இரண்டு விடைகளைத் தந்தது. இவற்றுள் எது சரி?

நீண்ட மூக்கு கம்பீரம் தருவது என்பதை மறுப்பதற்கில்லை. எஞ்சின் பெரிதாயிருந்த காலத்தில் நீண்ட மூக்கு வலுவின் அடையாளமாயிற்று. அடையாளம் நெஞ்சில் நிலைத்தது. திரௌபதி இரதத்தின் கூரையைப் போல, தேவை போனபின் எஞ்சும் நினைவுக்கும் ஓர் அழகு உண்டு. அதனைப் பொய் என்று தள்ளிவிடுவது அவசரம்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. கல்லிலே செதுக்கிய கூரை எவருக்கும் எதையும் குறைக்கவில்லை. காரின் மூக்கு நீளும்போது, வீதியில் அது பிடிக்கும் இடத்துள் மனிதருக்குரிய பங்கு குறைகிறது; உலோகமும் எடையும் கூடுகின்றன. அந்த விலையைக் கொடுத்து நினைவை வாங்குவது ஒருவருடைய விருப்பமாக இருக்கலாம். ஆனால் அதனைச் சேயரின் வழி என்று சொல்வது பொருந்தாது. சேயர் விட்டுச் சென்ற சொத்து நீண்ட மூக்கு அன்று. உள்ளே இருப்பதற்கும் வெளியே வீசுவதற்கும் உண்மையாக ஓர் உருவம் காணும் முறை. அவர் இன்று பென்சிலை எடுத்தால், எஞ்சின் இல்லாத காருக்கு ஈ-டைப்பின் மூக்கை வரையமாட்டார் என்பதே நம் துணிபு. விடையைப் பார்த்து எழுதுபவன் பழைய மூக்கை வரைவான். கணக்கைச் செய்பவன் புதிய உருவத்தைக் காண்பான்.

ஆகவே மின்சாரக் கார் ஒன்றின் படத்தைக் காணும்போது, அழகா அல்லவா என்று தீர்ப்புக் கூறுமுன், அதன் ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டுப் பழகுங்கள். காற்றுக்கு வழிவிடுகிறேன் என்று ஒரு கோடு சொல்லலாம்; உள்ளே இருப்பவருக்கு இடம் தருகிறேன் என்று மற்றொன்று சொல்லலாம்; நெவேராவின் கழுத்துப்பட்டியைப் போல, வேலையும் செய்து நினைவையும் சுமக்கிறேன் என்று வேறொன்று சொல்லலாம். எதுவும் சொல்லாமல் மினுங்கும் கோடு சில ஆண்டுகளில் மறைந்துவிடும். அந்தக் கறுப்புப் பலகை மறைந்ததைக் கண்டோம் அல்லவா? எதிர்காலத்திற் பொறியியலோ சித்திரமோ பயில விரும்பும் மாணவர்களுக்கு இக்கேள்வி காருக்கு மட்டுமன்றி, நாற்காலிக்கும் வீட்டுக்கும் தாம் எழுதும் கட்டுரைக்கும் உதவும்.

பென்சிலுடன் இருந்த குழந்தையிடம் திரும்புவோம். இன்னும் சில ஆண்டுகளில் அது வரையும் காரில் இரண்டு கண்கள் இருக்கும், வாய் இராது. அப்பொழுது, "வாயை மறந்துவிட்டாயே" என்று நாம் திருத்தப் போகலாகாது. குழந்தை அன்றும் வீதியிற் கண்டதையே வரைந்திருக்கும். பழைய படங்களைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துக் கார்களுக்கு எந்நேரமும் பசியா?" என்று அது நம்மைக் கேட்டாலும் கேட்கும். ஆம், பசிதான் என்று உண்மையைச் சொல்லிவிடுவோம்.